கொதிக்கும் எஞ்சினும் பழுதுறும் ஹெட் கேஸ்கட்டும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தடாவை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பிக் காளத்தியை நோக்கிச் செல்லும் சாலையில் வரதய்யபாளையம் அமைந்துள்ளது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமைக்கப்பெற்ற திருப்பதி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. உப்பலமடுகு அருவியைக் காணச் செல்வோரும், காளத்திக்கும் திருமலைக்கும் செல்லும் யாத்திரிகரும் பயன்படுத்தும் வழிகளுள் இதுவும் ஒன்று. அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வாகனத் தொழிற்சாலை 2016-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. புதிய வாகனங்கள் உருவாகும் இத்தகைய வட்டாரத்திலும் பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரி செல்ஷியசைத் தாண்டும் நாட்களில், அக்கார்களின் எஞ்சின்கள் கடும் சோதனைக்கு உள்ளாகின்றன. அச்சோதனையில் முதலில் தோல்வியுறும் உறுப்புகளுள் ஒன்றுதான் ஹெட் கேஸ்கட்.

விலையில் மிகச் சிறியது இவ்வுறுப்பு. ஆயினும் இது பழுதுற்றதை உணராமல் காரைத் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் முழுவதுமே பாழாகக்கூடும். வாடகைக் கார் ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கு அது தாங்கவொண்ணாத இழப்பு. மறுபுறம், கேஸ்கட் நன்றாயிருக்கையில் வேறொரு கோளாற்றை அதன்மேல் ஏற்றி எஞ்சினைப் பிரிப்பதும் வீண் செலவே. ஆகவே பழுதை ஐயமறக் கண்டறிவது எங்ஙனம், திருத்துவது எங்ஙனம், அது மீண்டும் நேராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

கேஸ்கட் செய்யும் பணி

கார் எஞ்சினின் அடிப்பகுதி, சிலிண்டர்கள் அமைந்த இரும்புக் கட்டையாகும். இதனை பிளாக் என்பர். அதன்மேல் மூடியாக அமைவது சிலிண்டர் ஹெட். பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும் அறைகள் ஹெட்டின் அடிப்புறத்தில் குடையப்பட்டுள்ளன. இவ்விரு பகுதிகளின் தளங்களை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும், உலோகத்தின் மேல் உலோகத்தை வைத்து இறுக்குவதால் மட்டும் வாயு கசியாமல் தடுத்தல் அரிது. எனவே இடையே சற்று நசுங்கும் இயல்புடைய தகடு ஒன்று வைக்கப்படுகிறது. இதுவே ஹெட் கேஸ்கட்.

இத்தகடு ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். முதலாவது, சிலிண்டருள் எரியும் வாயு. இதன் வெப்பம் 2,000 டிகிரியையும் கடக்கும். இரண்டாவது, பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறிச்செல்லும் குளிர்விப்பு நீர். மூன்றாவது, வால்வுகளை இயக்கும் ராக்கர்களுக்கு அழுத்தத்துடன் செல்லும் எண்ணெய். நீரும் எண்ணெயும் செல்லும் துளைகள், எரியும் அறையிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவிலேயே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

அதன்மேல் விழும் சுமை எத்தகையது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். அம்பாசடர் காரில் 1959 முதல் நெடுங்காலம் பொருத்தப்பட்டுவந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். அதாவது பரப்பு ஏறத்தாழ 42 சதுர சென்டிமீட்டர். எரிதலின் உச்சத்தில் வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் எனக் கொண்டால், ஒவ்வொரு முறையும் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை 1,600 கிலோகிராமுக்கு மேலாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, இத்தாக்குதல் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை நிகழ்கிறது. ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் இவ்விசையை மிஞ்சிய இறுக்கத்தைச் சோர்வின்றித் தந்துகொண்டிருந்தால்தான் கேஸ்கட் தன் பணியை ஆற்ற இயலும்.

இரும்பும் அலுமினியமும்

பழைய இந்தியக் கார்களின் எஞ்சின்களை இந்நோக்கில் இரு வகையாகப் பிரிக்கலாம். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடரின் மேற்சொன்ன எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. பம்பாயில் உருவான பியட் 1100 காரும், அதன் வழிவந்த பிரிமியர் பத்மினியும் வேறு வகையின. அவற்றின் 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு. ஹெட் அலுமினியக் கலவை.

அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆனால் அது சூட்டால் விரிவது, வார்ப்பிரும்பு விரிவதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஹெட் 70 டிகிரி சூடேறினால், அலுமினியம் 0.64 மில்லிமீட்டர் அளவு நீள முயலும். அதன் அடியிலுள்ள இரும்போ 0.3 மில்லிமீட்டர் அளவே நீளும். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு பயணத்திலும் கேஸ்கட் உராய்ந்து ஈடுகட்ட வேண்டும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால், போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினிய ஹெட் விரிய இடமின்றி நடுவில் வளைகிறது. குளிர்ந்த பின்னும் அவ்வளைவு நிலைத்துவிடுகிறது. ஆதலின் ஒருமுறை கொதித்த எஞ்சின் இரும்பு ஹெட்டுடையதாயின் தப்பிப் பிழைப்பதுண்டு. அலுமினிய ஹெட்டுடையதாயின் ஐயத்துக்குரியதே.

மலையேறுகையில் நிகழ்வது யாது?

பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் முழுவதும் சக்கரங்களை அடைவதில்லை. பழைய எஞ்சின்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீரில் வெப்பமாக இறங்குகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது.

இதனைத் திருமலைச் சாலைக்குப் பொருத்திப் பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944-இலும், இரண்டாவது சாலை 1974-இலும் திறக்கப்பெற்றன. இன்று ஏறும் வண்டிகள் இரண்டாவது சாலையிலும், இறங்குபவை முதற்சாலையிலும் செல்கின்றன. பயணிகளுடன் 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை 650 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே ஏறக்குறைய 1.2 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அப்போது நீரில் இறங்கும் வெப்பம், கொதிநிலையில் உள்ள ஐந்து லிட்டருக்கும் மேற்பட்ட நீரை முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. இவ்வெப்பத்தையெல்லாம் ரேடியேட்டர் காற்றில் கலக்கச் செய்ய வேண்டும். சமவெளியில் வேகமாய் ஓடுகையில் எதிர்க்காற்று அதற்குத் துணை செய்கிறது. மலையிலோ கார் இரண்டாவது கியரில் மெல்ல ஊர்கிறது, எதிர்க்காற்று குறைவு, விசிறி ஒன்றே துணை. மேலும், உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. திருமலையில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதனை ஈடு செய்யவே ரேடியேட்டருக்கு அழுத்த மூடி அமைக்கப்பட்டது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, சமவெளியில் நீரின் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் இப்பாதுகாப்பு முற்றிலும் நீங்கிவிடும். நீர் கொதித்து ஆவியாகும் இடத்தில் உலோகத்தைக் குளிர்விக்க ஏதும் இல்லை. வால்வுகளைச் சுற்றியுள்ள உலோகம் தனியே பழுக்கச் சூடேறி, ஹெட் வளைந்து, கேஸ்கட் கருகத் தொடங்குகிறது.

ஏனைய காரணங்கள்

அளவுமீறிய வெப்பமே கேஸ்கட்டின் முதற்பகை. அவ்வெப்பத்துக்கோ காரணங்கள் பல: தளர்ந்த விசிறிப் பெல்ட்டு, தேய்ந்த தண்ணீர் பம்பு, மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், அளவுக்கு மேல் பின்தங்கிய இக்னிஷன் நேரம், பெட்ரோல் குறைந்த கலவை முதலியன. நம் நாட்டில் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது கடின நீர். கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து சுண்ணாம்புப் படிவமாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாம் காணும் வெண்ணிறப் பக்கே இது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் எஞ்சினின் நீர்வழிகளையும் இது அடைக்கிறது. உலோகத்தைப் போல் இப்படிவம் வெப்பத்தைக் கடத்துவதில்லையாதலால், மெல்லிய படலமும் குளிர்விப்பைக் கெடுக்கும். கடலோரக் கிணறுகளின் உப்பு நீரோ, அடைப்பதோடு அரிக்கவும் செய்கிறது.

இரண்டாவது பகை 'நாக்கிங்' எனப்படும் தட்டொலி. கலவை சீராக எரியாமல் திடீரென வெடிப்பதுபோல் எரிந்தால், அழுத்தம் இயல்பான அளவை மீறிப் பாய்கிறது. இக்னிஷன் நேரம் அளவுக்கு மேல் முந்தியிருப்பதும், எரியறையில் கரி படிந்திருப்பதும், பாரத்துடன் உயர் கியரில் மேட்டில் ஏறுவதும் இதனைத் தூண்டும். மூன்றாவது, முன்னர்ப் பொருத்தியவர் செய்த பிழை. போல்ட்டுகளை வரிசை தப்பியும் அளவு தப்பியும் இறுக்கியிருந்தால் கேஸ்கட் சில ஆயிரம் மைல்களுக்குள் மீண்டும் பழுதுறும்.

நோயின் குறிகள்

கேஸ்கட் எவ்விடத்தில் விட்டுப்போகிறதோ அதற்கேற்பக் குறிகளும் வேறுபடும்.

அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு இடையே விட்டுப்போனால், ஒன்றின் வாயு மற்றொன்றினுள் பாயும். எஞ்சின் நடுங்கும், வலு குன்றும், ஆனால் நீரிலோ எண்ணெயிலோ மாறுதல் காணப்படாது.

சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் இடையே விட்டுப்போனால், எரிந்த வாயு நீரினுள் புகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களுக்குள், நீர் சூடாகும் முன்பே, ரேடியேட்டரின் மேற்குழாய் கல்போல் விறைப்பதும், ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுவதும் இதன் குறிகள். நிறுத்திய பின் நீர் அவ்வழியே சிலிண்டருள் கசியும். மறுநாள் காலை எஞ்சின் தட்டித்தடுமாறிக் கிளம்பும். புகைக்குழாயிலிருந்து வெண்ணிற ஆவி நெடுநேரம் வந்துகொண்டிருக்கும். வெளிக் கசிவு ஏதுமின்றி ரேடியேட்டர் நீர் குறையும். அச்சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மற்றவற்றைப் போல் பழுப்பாக இராமல், ஆவியால் கழுவப்பெற்றதுபோல் வெளுத்திருக்கும்.

நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே விட்டுப்போனால், எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த காப்பியை ஒத்த கூழ் ஒட்டும். அல்லது ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். இத்தகைய எண்ணெய்க்குப் பேரிங்குகளில் தாங்கும் படலத்தை உண்டாக்கும் ஆற்றல் இல்லை. இந்நிலையில் ஓட்டும் ஒவ்வொரு மைலும் கிராங்க் தண்டைத் தேய்க்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது வெண்கூழ் காண்பது மட்டும் கேஸ்கட் பழுதுக்குச் சான்றாகாது. மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும் குறுந்தொலைவே ஓடும் காரில், காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதாலும் அது உண்டாகும். காலையில் சில நிமிடம் மட்டும் தோன்றி மறையும் வெள்ளைப் புகையும் அத்தகையதே. ஒரு குறியைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. பல குறிகள் ஒத்துவர வேண்டும். அதன்பின் சோதனை வேண்டும்.

சோதனை முறைகள்

எளிய சோதனை, கருவி ஏதும் வேண்டாதது. குளிர்ந்த எஞ்சினில் விசிறிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினைக் கிளப்புக. பம்பு சுழலாததால் நீர் அசையாது நிற்கும். தொடக்கத்தில் தங்கியிருந்த காற்று ஓரிரு குமிழியாக வெளியேறுவது இயல்பு. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் குமிழிகள் தொடர்ந்து எழுமாயின் அது சிலிண்டர் வாயுவே. இச்சோதனையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டலாகாது.

இரண்டாவது, கம்ப்ரஷன் சோதனை. சூடான எஞ்சினில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை நீக்கி, கார்புரேட்டர் வாயை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். நல்ல நிலையிலுள்ள பழைய எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 140 பவுண்டு வரை காட்டலாம். அளவைவிட, நான்கும் ஒத்திருப்பதே முக்கியம். காட்டாக, நான்கு சிலிண்டர்கள் முறையே 120, 45, 40, 118 எனக் காட்டினால், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து தாழ்ந்திருப்பதைக் கொண்டு அவற்றின் இடையே கேஸ்கட் விட்டுப்போனதை ஏறத்தாழ உறுதி செய்யலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஏறாவிடின் குறை வால்விலோ கேஸ்கட்டிலோ உள்ளது.

அவ்விரண்டில் எது என்பதை மூன்றாவது சோதனை காட்டும். இரு வால்வுகளும் மூடியிருக்குமாறு பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதால் கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வால்வு. புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு. எண்ணெய் மூடியில் கேட்டால் வளையங்கள். அடுத்த சிலிண்டரின் பிளக் துளையில் கேட்டால் கேஸ்கட். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால், கேஸ்கட் அல்லது வெடித்த ஹெட்.

நான்காவது இரசாயனச் சோதனை. புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டியைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பலர் கண்டிருப்பர். கரியமில வாயு கரைந்தால் நீர் சிறிது அமிலத் தன்மை அடைய, இந்நீலம் மஞ்சளாக மாறும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரின் கழுத்திலுள்ள காற்றை இத்திரவத்தின் வழியே உறிஞ்சிச் செலுத்தினால், எரிந்த வாயு கலந்துள்ளதா என்பது கண்முன் தெரிந்துவிடும்.

எஞ்சினைப் பிரித்தல்

சோதனைகள் ஒத்துவந்தபின் பிரிக்க முற்படலாம். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருத்தல் இன்றியமையாதது. சூட்டில் தளர்த்தினால் ஹெட் வளையும். பாட்டரியின் இணைப்பை நீக்கி, நீரை வடித்து, கார்புரேட்டரையும் புகைவழி இணைப்புகளையும் கழற்ற வேண்டும். ராக்கர் தண்டை எடுத்தபின், புஷ்ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு வரிசை எண்ணுடன் செருகி வைப்பது நன்று. தத்தம் இடத்தில் தேய்ந்து பொருந்திய அவை இடம் மாறலாகாது. ஹெட் நட்டுகளைக் கையேட்டில் காட்டிய வரிசையில், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிடில் இடையே திருப்புளியைச் செருகி நெம்புதல் பெருந்தவறு. தளத்தில் விழும் ஒரு கீறலே மறு கசிவுக்கு வழியாகும். மரச் சுத்தியால் பக்கங்களில் மெல்லத் தட்டினால் போதும்.

எடுத்த கேஸ்கட்டை உடனே எறிந்துவிடலாகாது. பழுதின் வரலாறு அதில் எழுதப்பட்டுள்ளது. வாயு கிழித்துச் சென்ற இடத்தில் கருகிய தடம் தெரியும். இரு சிலிண்டர்களுக்கு இடையேயான குறுகிய பகுதியில் எரிந்திருந்தால் தட்டொலியையோ போல்ட்டின் தளர்ச்சியையோ ஐயுறலாம். நீர்த்துளைகளைச் சுற்றி அரித்திருந்தால் நீரின் குற்றத்தை ஆராய வேண்டும். தடம் ஏதும் இல்லையெனில், ஹெட்டிலோ பிளாக்கிலோ வெடிப்பு உண்டா என்று தேட வேண்டும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது உடல் நலத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றைக் கூறுதல் கடமை. முற்கால கேஸ்கட்டுகள் பல, செப்புத் தகடுகளுக்கு இடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலாப் பகுதியில் ஒருகாலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட கனிமமே இக்கல்நார். வெப்பத்தைத் தாங்குவதில் இணையற்ற இப்பொருளின் நுண்ணிழைகள் மூச்சுடன் உட்சென்றால், பல ஆண்டுகளுக்குப் பின் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் விளைவிக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆகவே பழைய கேஸ்கட்டை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, கம்பித் தூரிகைச் சக்கரத்தால் தேய்ப்பதோ, காற்றால் ஊதுவதோ கூடாது. நன்கு நனைத்து, ஈரத்துடனேயே சுரண்டி, கழிவை உறையிலிட்டு மூட வேண்டும். இன்று கல்நார் கலவாத கேஸ்கட்டுகள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குதல் நலம்.

தளத்தின் சமனை அளத்தல்

இப்பணியில் மிகுதியும் கைவிடப்படுவது இப்படியே. மிகுதியும் தோல்வி விளைவதும் இதனாலேயே. துப்புரவு செய்த ஹெட்டின் தளத்தில் நேர்க்கோல் ஒன்றை நெடுக்காகவும், குறுக்காகவும், மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா எனப் பார்க்க வேண்டும். குறுகிய தொலைவில் 0.05 மில்லிமீட்டரும், முழு நீளத்தில் 0.1 மில்லிமீட்டரும் பொதுவாகப் பொறுக்கத்தக்க எல்லைகள். பிளாக்கின் தளத்தையும் இவ்வாறே அளத்தல் வேண்டும். எல்லையைத் தாண்டிய ஹெட்டை லேத்து பட்டறையில் கொடுத்துத் தளம் சீவ வேண்டும். வளைந்த ஹெட்டின்மேல் புதிய கேஸ்கட்டை வைப்பது, கோணிய சுவரின்மேல் புதுக்கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

சீவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் அழுத்த விகிதம் 7.2 எனக் கொண்டால், ஒவ்வொரு எரியறையின் கொள்ளளவு 60 கன சென்டிமீட்டர். தளத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால் அக்கொள்ளளவு ஏறத்தாழ 1.7 கன சென்டிமீட்டர் குறைந்து, விகிதம் சுமார் 7.4 ஆகிறது. ஒருமுறை இது தீங்கன்று. மீண்டும் மீண்டும் சீவினாலோ தட்டொலி பெருகும், வால்வுகள் பிஸ்டனை நெருங்கும், தளமும் மெலியும். ஹெட் பட்டறைக்குச் செல்லும் அத்தருணத்திலேயே, வால்வு இருக்கைகளுக்கு இடையே வெடிப்பு உண்டா என்பதைச் சாய ஊடுருவல் முறையாலோ, நீர்வழிகளை அடைத்து வெந்நீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்தோ சோதித்துவிட வேண்டும். வெடித்த ஹெட்டில் புதிய கேஸ்கட் பயன் தராது.

மீண்டும் பூட்டுதல்

பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் துடைத்தெடுக்க வேண்டும். திரவம் அமுங்காது, அடிமூடிய துளையில் தேங்கிய திரவத்தின்மேல் போல்ட்டை முறுக்கினால் இரும்பே பிளக்கும். கேஸ்கட்டில் மேற்புறம், முன்புறம் எனக் குறித்திருப்பதை நோக்கி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் எண்ணெய்த் துளையோ நீர்த்துளையோ மூடப்படும். தயாரித்தவர் கூறினாலன்றிப் பசையேதும் பூசத் தேவையில்லை.

இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளிநோக்கிச் செல்ல வேண்டும். சப்பாத்தி மாவை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பதுபோல், தகட்டின் சுருக்கம் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு அது படிந்து அமரும். கையேட்டில் குறித்த இறுக்கத்தை மூன்று படிகளில் எட்டுவது முறை. இதற்கு டார்க் ஸ்பேனர் இன்றியமையாதது. கைப்பழக்கத்தால் அறிவோம் என்பாருக்கு இயற்பியல் கூறும் விடை உண்டு: நாம் செலுத்தும் முறுக்கு விசையில் பத்தில் ஒன்பது பங்கு புரிகளிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே செலவாகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுவது எஞ்சிய ஒரு பங்கே. ஆகவே துருவேறிய ஒரு புரியும் எண்ணெயிட்ட ஒரு புரியும், கைக்கு ஒரே இறுக்கமாகத் தோன்றினும், உண்மையில் வெகுவாக வேறுபடும். புரிகளைத் துலக்கி இலேசாக எண்ணெயிட்ட பின்பே இறுக்க வேண்டும். நீண்டுபோன போல்ட்டுகளை மாற்ற வேண்டும்.

பின்னர் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, புதிய எண்ணெயும் நல்ல நீரும் ஊற்றி எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். பழைய வகைக் கேஸ்கட்டுகள் முதற்சூட்டில் சற்று அமுங்குமாதலால், குளிர்ந்தபின் கையேடு கூறும் வகையில் மறுமுறை இறுக்குவதும், இடைவெளிகளை மீண்டும் சரிபார்ப்பதும் வேண்டும். புதிய பல்லடுக்கு எஃகு கேஸ்கட்டுகளுக்கு இம்மறு இறுக்கம் பொதுவாக வேண்டியதில்லை.

வருமுன் காத்தல்

வழியில் நீர் கொதித்தால் காரை நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமேனும் பொறுத்தல் வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. அழுத்தம் நீங்கியதும், நூறு டிகிரிக்கு மேலுள்ள நீர் கணத்தில் ஆவியாகி முகத்தில் பீறிடும். பழுக்கச் சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆகாது, வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் இட்டு ஒழுக்கை அடைப்பது நம் நாட்டு ஓட்டுநர் பலரும் அறிந்த வழி. ஊசித்துளை அளவான ஒழுக்குக்கு, பட்டறையை எட்டும்வரை அது உதவலாம். கேஸ்கட் பழுதுக்கு அது மருந்தன்று. கடைகளில் விற்கும் அடைப்புப் பொடிகளும் அத்தகையனவே. குறியை மறைத்து நோயை வளர்ப்பன. மாறாக, சிலிண்டருள் கசிந்த நீர் எரியறையின் கொள்ளளவை மிஞ்சிவிட்டால் நிகழ்வது கொடிது. அமுங்காத நீரின்மேல் பிஸ்டன் மோத, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுழலாது திடுமென நின்றால், மீண்டும் முயலாமல் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

கிணற்று நீருக்கு மாறாக, வடித்த நீரிலோ தூய மழைநீரிலோ, எத்திலீன் கிளைக்காலும் அரிப்புத் தடுப்பானும் அடங்கிய கூலன்ட்டைக் கலந்து பயன்படுத்துவது சிறந்தது. அது கொதிநிலையை உயர்த்தும். படிவத்தையும் துருவையும் தடுக்கும். இனிப்புச் சுவையுடைய நஞ்சு அதுவாகையால், குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு வைக்க வேண்டும். வெயில் நாடாதலால் தெர்மோஸ்டாட் வேண்டாமென்று எறிந்துவிடும் வழக்கமும் சரியன்று. சிலவகை எஞ்சின்களில் அதை நீக்கினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றிவிடும். பழுதுற்றதை மாற்றுவதே முறை.

கோடைக்கு முன்னர் பெல்ட்டு, குழாய்கள், அழுத்த மூடி, வெப்பமானி ஆகிய நான்கையும் ஒருமுறை பார்வையிட ஒரு மணி நேரம் போதும். இவற்றுள் வெப்பமானியே ஓட்டுநரின் உற்ற துணை. அதன் முள் வழக்கமான இடத்தைவிட்டு ஏறத் தொடங்கிய அக்கணமே காரை நிறுத்துபவர் ஒரு பெல்ட்டின் விலையோடு தப்புவார். அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம் என்பவர் ஹெட்டின் விலையையும், சில வேளைகளில் எஞ்சினின் விலையையும் கொடுக்க நேரும்.